வீலிங் (மோட்டார் சைக்கிள்)

ஓடும் மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, பின் சக்கரம் ஒன்றின் மேலேயே வாகனத்தைச் செலுத்தும் வித்தை வீலிங் எனவும் வீலி எனவும் வழங்கும். சைக்கிள் வித்தைக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே மேடைகளில் செய்து காட்டிய இச்செயல், எஞ்சின் பூட்டிய வாகனத்துக்கு வந்தபோது, கால் பலத்தின் இடத்தை முறுக்கு விசை ஏற்றுக்கொண்டதால் சுலபமாகவும், அதே காரணத்தால் பன்மடங்கு அபாயமாகவும் ஆயிற்று. வேடிக்கை பார்ப்பவருக்கு முன் சக்கரம் எழும்புவதே வித்தையாகத் தோன்றும். தேர்ந்தவர்களோ, எழுப்புவது எஞ்சினின் காரியம், எழுந்ததை வேண்டிய மட்டத்தில் நிறுத்தி வேண்டிய தருணத்தில் இறக்குவதே தங்கள் காரியம் என்பார்கள்.

வாகனம் முடுக்கம் பெறும்போது பாரம் முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரத்துக்கு மாறுகிறது என்பதைப் பின்னிருக்கையில் பயணம் செய்த எவரும் தம் சரீரத்தால் அறிவர். பாரம் முழுவதும் பின்னுக்கு வந்துவிட்டால் முன் சக்கரம் தரையை விடும். அந்தத் தருணத்தை நிர்ணயிப்பவை இரண்டு அளவுகள்: வாகனமும் ஓட்டுபவரும் சேர்ந்த புவியீர்ப்பு மையம், பின் சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு எவ்வளவு முன்னே இருக்கிறது என்பது ஒன்று, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது மற்றொன்று. சக்கரங்களுக்கிடையே 1,400 மில்லிமீட்டர் தூரமுள்ள ஒரு வாகனத்தில் அம்மையம் நட்டநடுவே 700 மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், இரண்டு அளவுகளும் சமமாகிவிடுவதால், தேவைப்படும் முடுக்கமும் புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமாகும். நின்ற இடத்திலிருந்து மூன்று வினாடிக்குள் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதற்கு இது நிகர். அவ்வளவு சக்தி பெரிய எஞ்சின்களுக்கே உண்டாகையால், சிறிய எஞ்சின்களில் ஒரு யுக்தி கையாளப்படுகிறது. கிளட்ச்சைப் பிடித்து எஞ்சினை விரைந்து சுழலவிட்டு, சுழலும் பாகங்களில் சேர்ந்த சக்தி அனைத்தையும் கிளட்ச்சை விடும் கணத்தில் பின் சக்கரத்துக்குச் செலுத்துவதே அது. 1985 முதல் பத்தாண்டுக்கு மேல் இந்தியாவில் விற்பனையான, நூறு கிலோவை ஒட்டிய எடையும் 98 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சினும் கொண்ட யமஹா ஆர்எக்ஸ் 100, கிளட்ச்சைச் சற்று அவசரமாக விட்டால் முன்பக்கம் தூக்கும் வண்டி என்று பெயர் வாங்கியதற்குக் காரணம் இதுவே; அந்தப் பெயர் அதன் கீர்த்தியைக் குறைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

முன் சக்கரம் எழ எழ, ஈர்ப்பு மையம் பின்னச்சின் பக்கமாக நகர்ந்து வருவதால், அதைத் தூக்கி வைத்திருக்கத் தேவையான விசையும் படிப்படியாகக் குறைகிறது. மேலே கணக்குக்கு எடுத்துக்கொண்ட வாகனத்தின் பின்னச்சு தரையிலிருந்து 300 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால், சுமார் 60 பாகை சாய்வில் மையம் அச்சுக்கு நேர் மேலே வந்து நிற்கும். ஓட்டுபவர் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்தால் இன்னும் முன்னதாகவே வந்துவிடும். இதுவே சமநிலைப் புள்ளி. இங்கே எஞ்சின் காற்றின் தடையையும் உராய்வையும் ஈடுசெய்தால் போதும். வேகம் கூடவும் வேண்டியதில்லை, குறையவும் வேண்டியதில்லை. அதற்குக் கீழே நிற்கும் வரையில் வாகனம் ஓயாமல் முடுக்கம் பெற்றுக்கொண்டே இருக்க வேண்டும்; முடுக்கம் நின்றால் சக்கரம் விழுந்துவிடும். கற்பவரை ஏமாற்றும் விபரீதம் இதில்தான் ஒளிந்திருக்கிறது. அஞ்சி அஞ்சிச் சக்கரத்தைத் தாழவே வைத்திருப்பவர், அதை விழாமல் காப்பாற்றுவதற்காகவே ஆக்ஸிலேட்டரை மேன்மேலும் முறுக்கி, தாம் நினையாத வேகத்துக்குப் போய், கியர் எல்லையைத் தொட்டதும் சக்கரம் திடீரென்று தரையில் மோதக் காண்கிறார். துணிந்து உயரத் தூக்கியவரோ மணிக்கு 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கிறார். பயந்தவரின் வீலிங்கே அதிவேக வீலிங் என்பதைப் பெற்றோர்கள் நம்புவது கடினம், ஆயினும் கணக்கு அப்படித்தான் இருக்கிறது.

சமநிலைப் புள்ளியைக் கடந்துவிட்டால் வாகனம் ஓட்டுபவரின் மேலேயே பின்புறமாகக் கவிழும். இதைத் தடுப்பது பின் பிரேக். சக்கரத்தைத் தடுத்தவுடன் தரை அதன் மேல் பின்னோக்கிய விசையைச் செலுத்த, அவ்விசை உயரத்திலுள்ள ஈர்ப்பு மையத்தைச் சுற்றி வாகனத்தின் மூக்கைக் கீழே திருப்புகிறது. ஆக்ஸிலேட்டரை மூடுவதாலும் மூக்கு இறங்கும்; ஆனால் அது மெதுவானது, கவிழும் வேளையில் கைக்கு எட்டாததும் கூட, ஏனெனில் பின்னுக்குச் சரியும் மனிதன் ஹேண்டில்பாரை இறுகப் பற்ற, அவன் வலது மணிக்கட்டு தன்னை அறியாமலே ஆக்ஸிலேட்டரை மேலும் முறுக்கிவிடுகிறது. ஆகையால் முறையாகக் கற்பிப்பவர்கள், சக்கரத்தை எழுப்புவதற்கு முன்பே வலது பாதத்தைப் பின் பிரேக்கின் மேல் தயாராக வைக்கப் பழக்குகிறார்கள். சக்கரம் ஒரு சாண் எழுந்தாலும், தேவை இல்லாவிட்டாலும், ஒவ்வொரு முறையும் பிரேக்கை மிதித்தே இறக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. பாதத்தின் அந்தச் செய்கை யோசனையின்றி நிகழும் வரையில் உயரத்தை நினைப்பதே தகாது.

அப்பியாசத்துக்கு எடை குறைந்த, ஹேண்டில்பார் உயர்ந்த, 125 முதல் 250 சிசி வரையிலான ஒற்றை சிலிண்டர் வண்டிகள் ஏற்றவை. ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ், முதுகுக் காப்பு ஆகியவற்றை விவாதத்துக்கே இடமின்றி அணிய வேண்டும். முதல் நாட்களில் சக்கரத்தை எழுப்பாமலே, முதல் கியரில் மெல்லச் செல்கையில் ஆக்ஸிலேட்டரைச் சட்டென மூடித் திறந்து, முன் ஃபோர்க் அமிழ்ந்து மீள்வதை உணரப் பழகுவார்கள். அந்த மீட்சியோடு விசை சேரும் கணத்தில் கிளட்ச்சை விட்டால் சக்கரம் தானே எழும். ஹேண்டில்பாரைப் பிடித்து இழுப்பது புதியவர் எல்லாரிடமும் காணப்படும் வழக்கம். அதனால் பயன் சொற்பம், வண்டி ஒரு பக்கமாகக் கோணி எழுவதே மிச்சம். உயரம் வசப்பட்ட பிறகே பக்கவாட்டுச் சமநிலை என்ற இரண்டாவது கஷ்டம் எதிர்ப்படுகிறது. திருப்புவதற்கு முன் சக்கரம் தரையில் இல்லாமையால், முழங்கால்களாலும் ஃபுட்ரெஸ்ட்டில் மாற்றி அழுத்தும் பாரத்தாலும் வண்டியைத் திருத்த வேண்டும். இறக்கும்போது முன் சக்கரம் நேராக இருப்பது அவசியம். கோணலாக இறங்கினால் ஹேண்டில்பார் கட்டுக்கடங்காமல் இருபுறமும் அடித்துக்கொள்ளும்.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே நடக்கும் பயிற்சிப் பள்ளிகள், கைவிடப்பட்ட விமானத் தளங்கள் போன்ற திறந்த வெளிகளை நாடுகின்றன. குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் எழாதபடி தடுக்கும் சட்டம் பூட்டிய வண்டிகளும் அங்கே பயன்படுகின்றன. இந்தியாவில் பொதுச் சாலையில் வீலிங் செய்வது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில் கூறப்பட்ட அபாயகரமான ஓட்டுதலாகக் கருதப்படும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதற் குற்றத்துக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2023ஆம் ஆண்டு காஞ்சிபுரத்தை அடுத்த தேசிய நெடுஞ்சாலையில் வீலிங் செய்து விழுந்த யூடியூபர் ஒருவரின் ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுகளுக்கு முடக்கப்பட்டது.

வித்தையைத் தொழிலாகக் கொண்டவர்கள் வாகனத்தையே மாற்றி அமைக்கிறார்கள். பின் ஸ்பிராக்கெட்டைப் பெரிதாக்கி, இடது கையாலும் பின் பிரேக்கை இயக்கும் லீவர் சேர்த்து, எஞ்சினைச் சுற்றி இரும்புக் கூண்டு கட்டுவது வழக்கம். சாதாரண வண்டியில் நெடுநேரம் வீலிங் செய்தால், சாய்த்த சொம்பில் நீர் போல எஞ்சின் ஆயில் பின்பக்கம் ஒதுங்கி, பம்ப் உறிஞ்சும் வாய்க்கு எட்டாமல் போகலாம். ஃபோர்க் ஆயில் சீல், கோன்செட், செயின், கிளட்ச் தகடு முதலியவை முன்கூட்டியே தேய்வது எந்த மெக்கானிக்குக்கும் புதிய செய்தி அன்று.

சாதனைகளில் தூரத்துக்குரியவையே இவ்வித்தையின் சாரத்தைக் காட்டுகின்றன. அமெரிக்கரான டக் டோமோக்கோஸ் 1984ஆம் ஆண்டு அலபாமா மாகாணத்தின் டாலடேகா பந்தயத் திடலில் 145 மைல் தூரம், ஏறக்குறைய 233 கிலோமீட்டர், ஒற்றைச் சக்கரத்திலேயே சென்றார். ஜப்பானியரான யசுயுகி குடோ 1991ஆம் ஆண்டு ஹோண்டா டிஎல்எம்220ஆர் வண்டியில் 331 கிலோமீட்டர் சென்று அதை விஞ்சினார். வேகத்தில், சுவீடன் நாட்டைச் சேர்ந்த பாட்ரிக் ஃபூர்ஸ்டன்ஹோஃப் 1999ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரண்டிங்தார்ப்பில் மணிக்கு 307.86 கிலோமீட்டரை எட்டினார். இவற்றுள் குடோவின் பிரயத்தனமே பெரிது என்று இக்கட்டுரையாளர் கருதுகிறார். வேகச் சாதனையில் எஞ்சினுக்குப் பெரும் பங்கு உண்டு. மணிக்கணக்கில் சமநிலைப் புள்ளியைச் சுற்றியே இமைப்பொழுதும் ஓயாத சிறு சிறு திருத்தங்களால் வாழ்வதில் மனிதனுக்கே பங்கு.

பந்தயக்காரர்களுக்கு வீலிங் வெறும் நஷ்டம். முன் சக்கரம் எழும்போது விசையைக் குறைத்தே ஆக வேண்டியிருப்பதால், எழும் ஒவ்வொரு அங்குலமும் முடுக்கத்தில் இழப்பாகிறது. 2015ஆம் ஆண்டு மோட்டோஜிபி பந்தயங்களில் டுகாட்டி நிறுவனம் வண்டியின் முகப்பில் சிறகுகளைப் பொருத்தியது, காற்றின் அழுத்தத்தால் மூக்கைக் கீழே பிடித்து வைக்கவும்தான். அதே ஆண்டில் வெளிவந்த யமஹா ஆர்1, ஆறு அச்சுகளில் அசைவை அளக்கும் உணர்கருவியின் துணைகொண்டு, சக்கரம் எழுவதை உணர்ந்து எஞ்சினின் விசையைத் தானே தணித்தது. பின்னர் வேறு பல வண்டிகளுக்கும் இவ்வசதி பரவியது. இத்தகைய வண்டியில் பழக முற்படுபவர் அந்த ஏற்பாட்டை முதலில் அணைத்து வைக்க வேண்டும். இல்லையேல் கிளட்ச்சை எவ்வளவு திறமையாக விட்டாலும், சக்கரம் எழத் தொடங்கியதுமே வண்டி விசையைக் குறைத்து அதை இறக்கிவிடும்.