லாம்டன் துரையும் என் ஜிபிஎஸ் வாட்ச்சும்

குயிலாப்பாளையத்துல இருந்து பெரியமுதலியார்சாவடிப் பக்கமா ஓடும்போது என் ஜிபிஎஸ் வாட்ச் ரொம்ப சமர்த்து. போன மாசம் சென்னைக்குப் போனப்ப, பாரிமுனை தம்பு செட்டித் தெருவுலயும் பக்கத்துச் சந்துகள்லயும் விடியக்காலைல ஓடினேன். பத்து கிலோமீட்டர், 49 நிமிஷம்! ஐம்பதுக்குக் கீழ வர்றது என் ரெண்டு வருஷக் கனவு. ரூமுக்கு வந்து மேப்பைப் பார்த்தா, ஐயா நாலு கட்டடத்துக்குள்ள புகுந்து வெளிய வந்திருக்கேன் :-) கோணல்மாணலா ஓடின அந்தக் கோடெல்லாம் கணக்குல சேர்ந்திருக்கு. கனவு காலி.

இதே தலைவலி 200 வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தருக்கு வந்திருக்கு. வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரல்ல பரங்கிமலைப் பக்கம் 100 அடி எஃகுச் சங்கிலியைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஏழரை மைலுக்கு ஒரு கோடு அளக்க ஆரம்பிச்சார். முக்கோணத்துல ஒரு பக்கம் தெரிஞ்சா போதும், மீதியைக் கோணங்களே சொல்லிடும். அப்படியே முக்கோணம் முக்கோணமா நாட்டையே அளக்கலாம். ஒரே நிபந்தனை: அடுத்த புள்ளி கண்ணுக்குத் தெரியணும்.

தஞ்சாவூர்ப் பக்கம் மலையும் இல்ல, மரங்கள் வேற மறைக்குது. மனுஷன் கோயில் கோபுரங்களைப் பிடிச்சார். 1808ல பெரிய கோயில்ல அரை டன் தியோடலைட்டை மேல ஏத்தும்போது கயிறு அறுந்து, கருவி சுவத்துல மோதி நசுங்கிடுச்சு. அவரே உக்காந்து அதைச் சரி பண்ணினார்.

வாட்ச்சுக்கும் அதே நிபந்தனைதான். குறைஞ்சது நாலு செயற்கைக்கோள் அதுக்கு நேராத் தெரியணும். சந்துக்குள்ள நேர் சிக்னலைக் கட்டடம் மறைச்சிடும், எதிர்ச் சுவத்துல பட்டுத் தெறிச்சதுதான் வந்து சேரும். அது 30 மீட்டர் சுத்தி வந்தா, தாமதம் விநாடியில கோடியில ஒரு பங்கு. அந்தத் துளிக்கே வாட்ச் ஏமாந்துடும். அமெரிக்க ராணுவம் பொது சிக்னல்ல வேணும்னே கலந்த பிழையை 2000 மே மாசம் நிறுத்தினாங்க. சுவத்தை யார் நிறுத்துறது? எல்5 அலைவரிசையும் சேர்த்துப் பிடிக்கிற புது வாட்ச்சுகள் நேர் சிக்னலையும் தெறிச்சதையும் ஓரளவு நல்லாவே பிரிக்குது. ஆனாலும் மாரத்தான் பாதைகளை இன்னிக்கும் சைக்கிள் சக்கரச் சுத்தை எண்ணித்தான் அளக்குறாங்க. அந்தச் சைக்கிளையும் முதல்ல டேப் போட்டு அளந்த நேர்கோட்டுல ஓட்டிச் சரிபார்க்கணும். லாம்டனோட சங்கிலிக் கோடு மாதிரியேதான்.

ஊருக்குத் திரும்பினதும், 400 மீட்டர் டிராக்குல 25 சுத்து ஓடினேன். 52 நிமிஷம். தம்பு செட்டித் தெருச் சுவருங்க கொடுத்த மூணு நிமிஷத்தை இனிமே ஓடித்தான் சம்பாதிக்கணும்.