ப்ரைமருக்கு அடியில் ஒரு வரலாறு



வரலாற்று வகுப்பில் மூலச்சான்று, துணைச்சான்று என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கல்வெட்டு, செப்பேடு, நாணயம் என்று மூன்று எடுத்துக்காட்டு எழுதினால் முழு மதிப்பெண். இன்று அந்தப் பட்டியலில் ஒரு காரின் மேற்பரப்பையும் சேர்க்கப்போகிறேன். பட்டறைத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் பாதி தெரிந்த சங்கதி. மற்றவர்கள் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள். விஷயம் காரைப் பற்றியது மட்டும் இல்லை.

1953 ஜனவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 'மோட்டோராமா' என்ற கண்காட்சியை நடத்தியது. அங்கே இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு வெள்ளைக் கார் நின்றது. பெயர் கார்வெட். வடிவமைப்புப் பிரிவின் தலைவர் ஹார்லி எர்லின் கனவு அது. பார்த்தவர்கள் மொய்த்துவிட்டார்கள். அதே ஆண்டு ஜூன் 30 அன்று மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ளின்ட் நகரில் உற்பத்தி தொடங்கிவிட்டது. அந்த ஆண்டில் செய்தவை 300 கார்கள். அத்தனையும் வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு.

கண்காட்சியிலிருந்து தொழிற்சாலைக்கு ஆறே மாதத்தில் எப்படி வர முடிந்தது? உடல் இரும்பு இல்லை என்பதுதான் விடை. இரும்புத் தகட்டை அழுத்திக் கார் செய்ய ராட்சத அச்சுகள் வேண்டும். அவற்றைச் செய்து முடிக்க நீண்ட காலம் பிடிக்கும், செலவும் மிக அதிகம். சில நூறு கார்களுக்கு அது கட்டுப்படியாகாது. கண்ணாடி இழையையும் பாலியஸ்டர் ரெசினையும் சேர்த்து வார்க்கும் ஃபைபர் கிளாஸுக்கு அந்தத் தொல்லை குறைவு. கண்ணாடியை இழையாக்கும் முறை 1930களில் அமெரிக்காவில் பெருந்தொழிலாக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் ரேடார் மூடிகளுக்கு இந்தப் பொருள் பயன்பட்டது. போருக்குப் பிறகு கலிஃபோர்னியாவில் ஃபைபர் படகு செய்துகொண்டிருந்த பில் ட்ரிட் என்பவர் அதே பொருளில் கார் உடலும் செய்தார். நம் மீனவர்கள் இன்று கடலுக்குக் கொண்டுபோகும் ஃபைபர் படகும் இதே குடும்பம்தான்.

கார்வெட்டின் உடல் பாகங்களை ஒஹையோ மாநிலம் அஷ்டபுலாவில் ராபர்ட் மாரிசனின் மோல்டட் ஃபைபர் கிளாஸ் நிறுவனம் செய்து கொடுத்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட துண்டுகள். தொழிலாளர்கள் அவற்றை ரெசின் பசையால் ஒட்டி, சந்துகளை நிரப்பி, கையால் தேய்த்து, ப்ரைமர் பூசி, அதன்மேல் பெயின்ட் அடித்தார்கள். புதுப் பொருள், புது முறை. ஆகவே ஒவ்வொரு காரிலும் மனிதக் கை தெரியும். இங்கே ஒரு மெல்லிய அலை, அங்கே சற்று அகன்ற கதவு இடைவெளி.

இரும்பு உடலில் காலம் துருவாகத் தெரியும். ஃபைபருக்குத் துரு கிடையாது, ஆனால் அதற்கும் முதுமை வரும். துண்டுகளை ஒட்டிய இடம் வெயிலில் சூடாகும்போது மற்ற இடங்களைப் போல ஒரே சீராக விரிவதில்லை. ஆண்டுகள் போகப்போக, பளபளக்கும் பெயின்ட்டின்மேல் அந்த ஒட்டுக்கோடு நிழல்போல எழும்பி வரும். அடிபட்ட இடத்தில் விரிசல் நட்சத்திரமாகப் பரவும். எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் அடியில் இருப்பது மேலே வந்துவிடும்.

இப்படி ஒரு பழைய கார்வெட் பட்டறைக்கு வந்தால் என்ன செய்வார்கள்? முதல் வேலை பழைய பெயின்ட்டை உரிப்பது. இரும்புக்குப் பயன்படுத்தும் கடுமையான மருந்து பெயின்ட்டோடு ரெசினையும் தின்றுவிடும். மணலை வீசியடித்தால் இழையே கிழிந்துவிடும். கோயில் திருப்பணியில் மணல் வீச்சால் கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிய கதை உங்களுக்குத் தெரியும். அதே கருவி, அதே சேதம். அதனால் அனுபவசாலிகள் ஃபைபருக்கென்றே உள்ள மருந்தைத் தடவுகிறார்கள், அல்லது சவர பிளேடைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு அடுக்காகச் சீவுகிறார்கள். பல நாள் வேலை இது. கண்ணாடித் தூள் தோலில் பட்டால் அரிக்கும், மூச்சில் போகக்கூடாது. முகமூடி கட்டாயம்.

அடுத்தது விரிசல். மேலே பட்டி பூசி மறைத்தால் சில மாதங்களில் அதே கோடு திரும்ப வரும். விரிசலின் அடிவரை 'வி' வடிவில் தேய்த்துத் திறந்து, முடிந்தால் உள்பக்கத்திலிருந்தும் கண்ணாடி இழைப் பாயை ரெசினில் நனைத்து ஒட்ட வேண்டும். புதிதாக வார்த்த பாகத்தை மாட்டுவதானால் தேய்ப்பதற்கு முன்பே கழுவ வேண்டும். அச்சிலிருந்து எளிதாகக் கழலத் தடவிய மெழுகு அதில் ஒட்டியிருக்கும். கழுவாமல் தேய்த்தால் மெழுகு உள்ளே இறங்கி, பெயின்ட் ஒட்டாமல் மீன்கண் போலக் குழிகுழியாக விலகும்.

பிறகுதான் ப்ரைமர். முதலில் எபாக்சி ப்ரைமர் அடித்து மேற்பரப்பை அடைப்பார்கள். அதற்கு முன் உடல் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். தேய்த்த ஃபைபர் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பின்னால் அது கொப்புளமாக வெளிவரும். அடுத்து தடிமனாகப் படியும் ப்ரைமர். அதன்மேல் கறுப்புப் பொடியை லேசாகத் தூவி, நீண்ட கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்ப்பார்கள். மேடு உடனே வெளுக்கும், பள்ளத்தில் கறுப்பு அப்படியே தங்கும். கண்ணுக்குத் தெரியாததைக் காட்டிக்கொடுக்க இதைவிட எளிய வழி இல்லை.

எல்லா ஃபைபர் காருக்கும் ஒரே வைத்தியம் என்றும் நினைக்கக்கூடாது. 1962-இல் வந்த இங்கிலாந்தின் லோட்டஸ் எலானில் அச்சிலேயே ஜெல்கோட் என்ற வழவழப்பான மேல்தோல் உண்டு. காலப்போக்கில் அது சிலந்தி வலைபோல வெடிக்கும். கார்வெட்டுக்கு அந்தத் தோலே கிடையாது. உலோக அச்சில் அழுத்தி எடுத்த பாகத்தின்மேல் நேராக ப்ரைமர்தான்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். அந்தக் கறுப்புப் பொடி எல்லா மேடுபள்ளத்தையும் காட்டிவிடும். அதில் எதை நிரப்புவது? பல்லாண்டு வெயில் செய்த பள்ளத்தையா, 1953-இல் ஃப்ளின்ட் தொழிலாளியின் கை விட்ட அலையையுமா? இன்றைய பொருட்களைக் கொண்டு உடலைக் கண்ணாடிபோலச் சமன் செய்துவிடலாம். அப்படிச் செய்தால் அந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில்கூட இல்லாத அழகோடு நிற்கும். அழகு கூடும், சான்று அழிந்துபோகும். 1974-இல் தொடங்கிய தேசிய கார்வெட் மீட்டெடுப்போர் சங்கம் இதில் தெளிவாக இருக்கிறது. அவர்களுடைய மதிப்பீட்டில், தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படி இருப்பதுதான் அளவுகோல். அதைவிடச் சிறப்பாகச் செய்ததற்குக் கூடுதல் மதிப்பெண் இல்லை.

இந்தக் கேள்வி ஒருமுறை ஊரறிய எழுந்தது. 2014 பிப்ரவரி 12 அதிகாலையில் கென்டக்கி மாநிலம் பவுலிங் கிரீனில் உள்ள தேசிய கார்வெட் அருங்காட்சியகத்தின் தரை உள்வாங்கியது. சுமார் 30 அடி ஆழப் பள்ளத்தில் எட்டு கார்கள் விழுந்தன. நல்லவேளை, யாரும் உள்ளே இல்லை. எட்டையும் மேலே தூக்கிய பிறகு மூன்றை மட்டும் சரிசெய்தார்கள். அவற்றில் ஒன்று 1962-ஆம் ஆண்டின் கறுப்புக் கார். கறுப்பில் கடுகளவு அலையும் தெரிந்துவிடும் என்பதால் ப்ரைமர் வேலைக்கு அதைவிடக் கடினமான சோதனை கிடையாது. இன்னொன்று 1992-இல் செய்த பத்து லட்சமாவது கார்வெட். அதைக் கழற்றியபோது பாகங்களில் தொழிலாளர்களின் கையெழுத்துகள் இருந்தன. புதுப் பாகம் மாட்டுவது எளிது என்றாலும் கையெழுத்துள்ள பாகங்களைப் பாடுபட்டுக் காப்பாற்றினார்கள். காப்பாற்ற முடியாத இரண்டின் கையெழுத்துகளை மட்டும் படமெடுத்துப் புதிதில் பதித்தார்கள்.

மீதி ஐந்து கார்களைத் தொடவில்லை. நசுங்கியபடியே வைத்துவிட்டார்கள். அவற்றைச் சரிசெய்வதென்றால் பெரும்பகுதியை மாற்ற வேண்டும். மாற்றினால் பெயர் மட்டுமே பழையதாக இருக்கும். தரை உள்வாங்கிய அந்த நாளும் இப்போது அந்தக் கார்களின் வரலாற்றில் ஒரு பக்கம்.

ப்ரைமர் பூசக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பூசாமல் விட்டால் உடல் ஈரம் குடித்துப் பாழாகும். பூசுவதற்கு முன் படமெடுத்துக் குறித்து வையுங்கள் என்கிறேன். உள்பக்கத்தின் சொரசொரப்பைத் தேய்க்காமல் விடுங்கள். தொழிலாளி மெழுகுக் குச்சியால் கிறுக்கிய எண் கண்ணில் பட்டால் துடைத்துவிடாதீர்கள். காருக்கு மட்டும் சொல்லவில்லை. தாத்தா வீட்டுக் கதவுக்கும், பாட்டியின் தகரப் பெட்டிக்கும் இது பொருந்தும். எதைப் புதுப்பிப்பது, எதை விட்டுவைப்பது என்று தேய்க்கும் முன்பே யோசித்துவிட வேண்டும். தேய்த்தது திரும்பி வராது.

பட்டறை அனுபவம் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்