பன்னிரண்டாயிரம் ரூபாய் வரம்பு: காப்பகத் திட்டத் தகுதி விதிகளின் வரலாறு

உழைக்கும் தாய்மாரின் குழந்தைகளுக்கு நடுவண் அரசு நிதி தந்து நடத்திவந்த பகல்நேரக் காப்பகத் திட்டத்தைப் பற்றிய எழுத்துகளில் ஒரு வாசிப்பு நிலைபெற்றிருக்கிறது. 2006-இல் ராஜீவ் காந்தி தேசியக் காப்பகத் திட்டம் வந்தபோது பெற்றோரின் மாத வருமான வரம்பு 1,800 ரூபாயிலிருந்து 12,000 ரூபாயாக உயர்ந்தது. ஏழைகளிலும் ஏழைகளுக்கென்று இருந்த உதவி அன்றுதான் உழைக்கும் குடும்பங்கள் அனைத்துக்கும் விரிந்தது என்பது அதன் சாரம். இதை என்னால் ஏற்க இயலவில்லை.

முதலாவதாக, பழைய வரம்பு விலைவாசியோடும் கூலியோடும் ஒட்டாமல் நெடுங்காலம் பின்தங்கிக் கிடந்தது. 2006-இன் உயர்வில் கணிசமான பகுதி அந்த இடைவெளியை நிரப்பவே போயிற்று. இரண்டாவதாக, 12,000 என்ற எண்ணை அதன்பின் யாரும் தொடவில்லை. கூலி ஏற ஏற, அசையாத வரம்பு ஆண்டுதோறும் சில குடும்பங்களை வெளியே தள்ளும். அறிவிப்பு நாளை மட்டும் பார்த்தால் விரிவு தெரியும். அடுத்த பத்தாண்டைப் பார்த்தால் சுருக்கம் தெரியும்.

உண்மையான மாற்றம் 2017 வழிகாட்டு நெறிமுறைகளில்தான் நிகழ்ந்தது. எண் அதேதான், ஆனால் அது செய்யும் வேலை மாறிவிட்டது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர் குழந்தைக்கு மாதம் 20 ரூபாய். பெற்றோர் இருவர் வருமானமும் சேர்ந்து 12,000 வரை என்றால் 100. அதற்கு மேல் 200. தடுப்பாக நின்ற எண் கட்டணப் படியாயிற்று. முன்பு 60 ரூபாய் கட்டியவர்கள் 100 கட்ட வேண்டிவந்ததால் இது வெறும் கட்டண உயர்வாகவே பேசப்பட்டது.

அதே நெறிமுறையில் என் கவனத்தை நிறுத்தியது வேறொரு தொடர். மாதத்தில் குறைந்தது 15 நாளோ ஆண்டில் 6 மாதமோ வேலை செய்யும் தாயே தகுதியுடையவர் என்றது அது. காவிரிப் படுகையில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். நடவு மாதத்தில் 15 நாள் தேறிவிடும். வேலையில்லாத மாதத்தில் தேறாது. ஆண்டுக் கணக்கில் 6 மாதம் சேர்வதும் அரிது. அப்படியானால் குழந்தை மாதாமாதம் உள்ளே வந்து வெளியே போகுமா? எந்த மாதத்தை எடுத்துக்கொள்வது என்று அந்தத் தொடர் வரையறுக்கவில்லை. பருவ வேலைக்காரர்களை உள்ளே கொண்டுவரவே மாத அளவு தனியாகச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. நிரந்தர வேலைக்காரர்களுக்கு ஆண்டு அளவே போதும். அவர்களை மட்டும் மனத்தில் கொண்டிருந்தால் மாத அளவுக்குத் தேவையே இல்லை. சான்று மெல்லியது என்பதை ஒப்புகிறேன். ஆனால் ஐயம் வரும் இடத்தில் தாயின் பக்கம் நிற்கும் வாசிப்பே திட்டத்தின் நோக்கத்துக்குப் பொருந்தும்.

2006-க்கு முன்பிருந்த மூலத் திட்டத்தின் தொடக்க ஆண்டிலும் தெளிவில்லை. 1974 என்றும் 1975 என்றும் இருவகையாகக் குறிக்கிறார்கள். தேசியக் குழந்தைகள் கொள்கை 1974-இல் ஏற்கப்பட்டதால் இந்தக் குழப்பம் நேர்ந்திருக்கலாம். நான் 1975-இன் பக்கம் சாய்கிறேன். முடிந்த முடிபாகச் சொல்லவில்லை.

விதி தளர்ந்த அதே 2017-இல் நிதிப் பங்கீடும் மாறியது. அதுவரை செலவில் 90 விழுக்காட்டை ஏற்ற நடுவண் அரசு 60-க்கு இறங்கியது. 30 மாநிலத்தின் தலையில் விழுந்தது; தொண்டு நிறுவனங்களின் பங்கு 10 ஆகவே நின்றது. இருபதாயிரத்துக்கும் மேல் இருந்த காப்பகங்கள் 2020 வாக்கில் ஏறத்தாழ 6,500 ஆகக் குறைந்தன. 2022-இல் இந்தத் திட்டத்தின் இடத்தில் வந்த ‘பால்னா’ வேலை நிபந்தனையையே நீக்கி, எல்லாத் தாய்மாருக்கும் அங்கன்வாடியோடு இணைந்த காப்பகத்தைத் திறந்துவிட்டது. தகுதி விரிந்த வரலாற்றை எழுதுவோர் காப்பகங்கள் மூடப்பட்ட வரலாற்றைத் தனியே ஒதுக்கிவிடக் கூடாது. மூடப்பட்டவற்றின் வருகைப் பதிவேடுகள் தொண்டு நிறுவனங்களின் அலமாரிகளில் எஞ்சியிருந்தால், அவை பழைய காகிதமாய் எடைக்குப் போகுமுன் இளம் ஆய்வாளர்கள் தேடி எடுத்துப் படிக்க வேண்டும்.