சர்க்கரைக்கொல்லியும் க்ளூகோஃபாழும்

எங்கள் வீராம்பட்டினத்தில் என் வயதுக்காரர்கள் கூடினால் சர்க்கரைப் பேச்சு வராமல் போகாது. ஒருவர் மாத்திரையைச் சொல்வார். இன்னொருவர் சிறுகுறிஞ்சான் பொடியைச் சொல்வார்.

சிறுகுறிஞ்சானுக்குச் சர்க்கரைக்கொல்லி என்றும் பெயர். இலையை மென்றபின் சர்க்கரையை வாயில் போட்டால் மணல்போல இருக்கும். 1887இல், ஊட்டியில் அரசாங்க ரசாயன நிபுணராக இருந்த டேவிட் ஹூப்பர் இதை ஆராய்ந்து, இனிப்பை மறைக்கும் பொருளுக்கு ஜிம்னீமிக் அமிலம் என்று பெயர் வைத்தார்.

ஐரோப்பாவிலும் கலேகா என்றொரு மூலிகை உண்டு. அதிலுள்ள கலேஜின் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நஞ்சு. அதற்கு உறவான, நஞ்சு குறைந்த மெட்ஃபார்மினை டாக்டர் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1957இல் வெளியிட்டார். அவர் வைத்த பெயர் 'க்ளூகோஃபாழ்'. பிரெஞ்சு வழியில் படித்த நமக்கு அர்த்தம் உடனே புரியும்: சர்க்கரையைத் தின்பது. ஏறக்குறைய நம் சர்க்கரைக்கொல்லிதான்!

பெயர் ஒத்துப்போனாலும் சோதனை ஒத்துப்போகவில்லை. 1990இல் சென்னை ஆய்வாளர்கள் 22 பேருக்கு மாத்திரையோடு சிறுகுறிஞ்சான் சாறும் 18 முதல் 20 மாதம் கொடுத்த முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரை குறைந்தது, ஐந்து பேர் மாத்திரையையே விட்டார்கள். நல்ல சேதிதான், ஆனால் 22 பேர் சிறு கணக்கு. மெட்ஃபார்மினையோ பிரிட்டனில் பல ஆண்டுகள் சோதித்து 1998இல் முடிவு சொன்னார்கள்.

நாக்கில் இனிப்பு மறைவது வேறு, இரத்தத்தில் சர்க்கரை குறைவது வேறு. பொடி சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.