பாஸ்பரஸில் இரு பிரவாகங்கள்

டான்யூப், நீப்பர் முதலிய மகாநதிகள் ஓயாமல் கொட்டும் நன்னீரால் உப்புக் குன்றிய கருங்கடல் ஜலம், பாஸ்பரஸ் ஜலசந்தியின் மேற்பரப்பில் தெற்கு நோக்கி விரைந்தோட, அதைவிட ஏறக்குறைய இருமடங்கு உப்புடைய மத்தியதரைக் கடல் நீர், கனத்தினால் தாழ்ந்து, அதன் அடியிலேயே வடக்கு நோக்கிச் செல்கிறது என்பதைச் சாஸ்திரக்காரர்களுக்கு முன்னரே அவ்விடத்துச் செம்படவர்கள் அறிந்திருந்தனர்.

1679இல் வெனிஸ் தூதருடன் கான்ஸ்டான்டிநோபிள் வந்த லூயிஜி மார்சிலி என்னும் போலோன்யா நகரத்து வாலிபர் (பிரபு குலத்தில் பிறந்தும் செம்படவர் சொல்லுக்குச் செவிசாய்த்ததே அவருடைய முதல் மேதைமை என்பேன்), வெண்ணிறம் பூசிய தக்கைத் துண்டுகளைக் கோத்த கயிற்றைக் கனமான குண்டுடன் ஓடத்திலிருந்து இறக்கினார். மேலிருந்த தக்கைகள் மர்மராக் கடல் பக்கமாகவும், ஆழத்திலிருந்தவை அதற்கு நேர் எதிராகவும் சாய்ந்தன. அதனோடு திருப்தியடையாமல், ஒரு தொட்டியை நடுவே தடுத்து, இருபுறமும் வெவ்வேறு அளவில் உப்புள்ள நீரை நிரப்பி, ஒன்றுக்குச் சாயமும் இட்டுத் தடுப்பின் துளைகளைத் திறந்தபோது, கனத்த நீர் கீழ்த்துளை வழியாகவும் இலேசான நீர் மேல்துளை வழியாகவும் எதிரெதிரே பாய்ந்தன. 1681இல் ரோமில் அவருடைய நூல் அச்சாயிற்று.

கழிமுகங்களிலும் நியதி இதுவே. 1988இல் வறட்சியால் மிஸிஸிப்பி நதி இளைத்து, உப்புநீர் ஆப்புப்போல் அடியிலேயே மேலேறி நியூ ஆர்லியன்ஸின் குடிநீரை நெருங்கியபோது, பொறியாளர்கள் நதிப் படுகையிலேயே, கப்பல்களுக்கு இடையூறின்றி, ஒரு வரம்பு எழுப்பி அதைத் தடுத்தார்கள்.