வெளிச்சத்துக்கு வரி!

வரி என்றதும் வயலும் வாணிகமும் நம் நினைவுக்கு வரும். வீட்டுக்குள் நுழையும் கதிரவன் ஒளிக்கே வரி வாங்கிய ஆட்சியும் இருந்ததென்றால் நம்புவீர்களா, தோழர்களே? கட்டுக்கதையல்ல, இங்கிலாந்தின் வரலாறு!

1662-இல், இரண்டாம் சார்லஸ் ஆட்சியில், கணப்படுப்பு வரி பிறந்தது. குளிர் போக்கும் அடுப்பு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங். அடுப்பை எண்ண, வரி வாங்குவோன் வீட்டுக்குள்ளேயே புகுந்தான். மக்கள் குமுறினர், 1689-இல் அவ்வரி மாண்டது.

மாண்டது வேறு வடிவில் மீண்டது. 1696-இல், மூன்றாம் வில்லியம் ஆட்சியில், சாளர வரி வந்தது. இப்போது உள்ளே நுழைய வேண்டியதில்லை. வெளியே நின்று சாளரங்களை எண்ணினால் போதும்! வீட்டுக்கு 2 ஷில்லிங், சாளரம் பத்தானால் 6, இருபதானால் 10. பரம ஏழையின் குடிசைக்கு விலக்கும் உண்டு. மாளிகைக்கு மிகுதி, மனைக்குக் குறைவு. கேட்பதற்கு நீதிதான். நடந்ததோ?

1776-இல் ஆடம் ஸ்மித், 'நாடுகளின் செல்வம்' என்னும் நூலில் அதை எடுத்துக் காட்டினார். நாட்டுப்புறச் சிறுநகரில் 10 பவுன் வாடகை பெறும் வீட்டில், லண்டனில் 500 பவுன் வாடகை பெறும் வீட்டிலுள்ளதைவிட அதிகச் சாளரங்கள் இருக்கக்கூடும். நாட்டுப்புறத்தானோ ஏழை, வரிச்சுமையோ அவன் தலையில்! அந்த அளவுகோல் செல்வத்தை அளக்கவில்லை. சுவரிலிருந்த திறப்பை அளந்தது.

வரிக்கு அஞ்சியோர் சாளரங்களைச் செங்கல்லால் அடைத்தனர். பல குடும்பங்கள் ஒண்டிக் கிடந்த வாடகைக் கட்டடம் ஒரே வீடாகக் கணக்கிடப்பட்டது. உரிமையாளர் வரியை மிச்சப்படுத்தச் சாளரத்தை மூடினார். மூச்சுத் திணறியவர் குடியிருந்த ஏழைகள். மிச்சம் ஒருவருக்கு, நோய் மற்றவருக்கு! இருளும் புழுக்கமும் பிணி வளர்க்கும் என்று மருத்துவர்கள் எச்சரித்தனர். ஒழிக என்ற குரல் ஓங்கியது. 1851-இல்தான் அவ்வரி ஒழிந்தது. அதனிடத்தில் வீட்டின் மதிப்பைக் கொண்டு விதிக்கும் வரி வந்தது. இந்த எளிய உண்மையை உணர 155 ஆண்டுகள்!

வகுப்பறையில் நாம் மன்னர் பெயரையும் போர் நடந்த ஆண்டையும் ஒப்புவிக்கச் சொல்கிறோம். செங்கல் அடைத்த அச்சாளரத்தைப் பற்றிச் சொல்கிறோமா? அதற்குப் பின்னால் இருளில் வளர்ந்த குழந்தையும் வரலாறு அல்லவா?

வரியே வேண்டாமென்பது நம் வாதமல்ல. வரியின்றிப் பள்ளியேது, பாதையேது, மருத்துவமனையேது? ஆனால், எதைக் கொண்டு அளக்கிறீர்கள், சுமை எவர் தோளில் இறங்குகிறது என்று கேட்போம். எண்ணுவது எளிது என்பதாலேயே ஒன்று நீதியாகிவிடாது. கேட்கத் துணிந்தவர் இருந்ததால்தான் அங்கே சாளரங்கள் திறந்தன.