மயிற்பொறியும் நெல்வயலும்

சங்கரன்கோவிலில் 'விமானம்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது சங்கரநாராயணர் கருவறையின்மேல் எழுந்து நிற்கும் விமானமே. வானூர்தி என்ற மற்றப் பொருள், வகுப்பில் சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை நடத்தும்போதுதான் எழும். கட்டியங்காரனின் வஞ்சத்தால் முடிவு நெருங்கியதை உணர்ந்த சச்சந்தன், சூல்கொண்ட விசயையை மயிற்பொறியில் ஏற்றி அனுப்புகிறான். பகைவனின் வெற்றிமுரசு கேட்டு அவள் மயங்க, பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. "அந்தப் பொறிக்கு எரிபொருள் எது?" என்று ஏதேனும் ஒரு மாணவர் ஆண்டுதோறும் கேட்பதுண்டு. காப்பியப் புலவனுக்கு அக்கவலை இல்லை. வரலாற்றுக்கு உண்டு.

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா, புஸ் மாத் என்னும் ஒற்றை இயந்திரச் சிறுவிமானத்தில் கராச்சியிலிருந்து அஞ்சல் பைகளுடன் பம்பாய்க்குப் புறப்பட்டார். வழியில் அகமதாபாத்தில் அவருக்குரிய பெட்ரோல் தகரக் கலன்களில் மாட்டுவண்டியேறி வந்தது. பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் அவ்வஞ்சலைப் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். நம் நாட்டு வான்போக்குவரத்து இவ்வாறு கலன் கலனாக எண்ணி ஊற்றிய எரிபொருளில் தொடங்கியது.

சிறுவிமானங்களில் பறக்கும்போதே இயந்திரம் ஆற்றல் இழப்பதற்கு எரிபொருள் சார்ந்த காரணங்கள் மூன்று. எரிபொருள் முற்றிலும் தீர்ந்துபோதல் ஒன்று. ஒரு கலத்தில் இருப்பு இருந்தும், திருகுவால்வு வற்றிய கலத்தின் பக்கமே நின்றுவிடுதல் மற்றொன்று. எரிபொருளில் நீர் முதலியன கலந்துவிடுதல் மூன்றாவது. 1997 அக்டோபர் 12 அன்று அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் தாமே ஓட்டிய சிறுவிமானம் கலிபோர்னியக் கடலில் வீழ்ந்து அவர் உயிரிழந்தார். அவ்விமானத்தில் கலம் மாற்றும் கைப்பிடி ஓட்டுநரின் இடத்தோளுக்குப் பின்னால் அமைந்திருந்தது. அதைத் திருப்ப உடலையே வளைக்கவேண்டும்.

இத்தவறு சிறுவிமானங்களுக்கு மட்டும் உரியதன்று. 1993 நவம்பர் 15 அன்று, இந்தியன் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ300 விமானம் சென்னையிலிருந்து ஐதராபாத்துக்குப் பறந்தது. அங்கே பார்வைத் தெளிவின்மையால் தரையிறங்க இயலாமல் மீண்டும் மேலெழுந்தது. அப்போது இறக்கையின் ஃபிளாப்புகள் உள்வாங்காமல் சிக்கிக்கொண்டன. விமானம் சென்னையை நோக்கித் திரும்பியது. ஃபிளாப் நீண்டிருக்கும் இறக்கை காற்றை அதிகமாக எதிர்த்து நிற்கும், வேகம் குறையும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் செலவாகும் எரிபொருள் பெருகும். போகும்போது போதுமாயிருந்த கணக்கு வரும்போது போதவில்லை. சென்னையை எட்ட இயலாது என்ற நிலையில் விமானம் திருப்பதியை நோக்கித் திருப்பப்பட்டது. அதையும் எட்டாமல் அருகிருந்த நெல்வயலில் இறங்கியது. விமானத்திலிருந்த 262 பேரும் உயிர் பிழைத்தனர். நீர் பாய்ந்த சேற்றுநிலத்தை நாம் உணவு தருவதாகவே அறிவோம். அன்று அது உயிரும் தந்தது.

இதற்குப் பத்தாண்டுகள் முன்பு, 1983 ஜூலை 23 அன்று, கனடாவில் ஒரு போயிங் 767 கிலோகிராமுக்குப் பதிலாகப் பவுண்டில் கணக்கிட்டு நிரப்பப்பட்டதால், வேண்டிய எரிபொருளில் பாதிகூட இல்லாமல் பறந்து, இயந்திரங்கள் ஓய்ந்த நிலையில் கிம்லி என்னும் பழைய தளத்தில் சறுக்கி இறங்கியது. அங்கே பிழைத்தது அலகு. ஐதராபாத் பயணத்திலோ நிலைமை மாறியபின்னும் பழைய கணக்கே துணையாக நின்றது. இறுதி இருப்பாகப் பிஸ்டன் இயந்திரத்திற்கு 45 நிமிடமும், டர்பைன் இயந்திரத்திற்கு 30 நிமிடமும் பறக்கப் போதிய எரிபொருள் வேண்டும் என்று பன்னாட்டு விதி வகுத்திருப்பது, மனிதக் கணக்கு தவறும் என்பதை ஒப்புக்கொண்டுதான்.

விசயையின் பொறி பழுதுபடவில்லை. செலுத்தியவள் மயங்கினாள், அது தாழ்ந்தது. அடுத்த ஆண்டு மாணவர் கேட்கும்போது, எரிபொருளைப் பற்றி நாம் சொல்லவேண்டிய விடையும் அவ்விடத்திலேயே இருக்கிறது என்று தோன்றுகிறது.